நம்ம மெஷினுக்கு நம்ம கேசட்டு

அம்மாவின் வீடியோ ரெக்கார்டர் கடைசியாக ஓடியது அவள் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு. அன்று அது ஒரு கேசட்டை உள்ளே இழுத்து, நாடாவைச் சுருட்டிக்கொண்டு, வெளியே விட மறுத்தது. அம்மா மூடியைக் கழற்றினாள். விரலால் சக்கரத்தை அரை மணி நேரம் சுற்றி, நாடாவில் ஒரு மடிப்புகூட விழாமல் கேசட்டை எடுத்தாள். பிறகு எனக்குப் போன் செய்தாள்.

"இஞ்சினீயரம்மா, பெல்ட்டு போச்சு. லீவு கெடச்சா வந்து பாரு."

"அதுக்கு முப்பத்தஞ்சு வயசாகுதும்மா. தூக்கிப் போடு."

"எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது. என்ன பண்ணப் போற?"

நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

நான் லீவு போடவில்லை. அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. தராசு, அழுத்தமானி, மைக்ரோமீட்டர் எல்லாம் வரும். நம்பகமான ஒரு மூல அளவோடு ஒப்பிடுவோம். தவறாகக் காட்டுவதைத் திருத்தி முத்திரை ஒட்டுவோம். திருத்த முடியாததற்குச் சிவப்புச் சீட்டு. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். அந்த வாரம் ஒரு தொழிற்சாலையிலிருந்து அறுபது அழுத்தமானிகள் வந்திருந்தன. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன்.

அம்மா, தான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே இறந்தாள். சலவைப் பிரிவில் இருந்தவள். அவள்மேல் போர்த்தியிருந்த விரிப்பின் ஓரத்தில் அந்தப் பிரிவின் முத்திரை இருந்தது. மடிப்பு நேராக இல்லை. அவள் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள்.

அவள் குடியிருந்த வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டியிருந்தது. தம்பியும் நானும் பத்து நாள் லீவு எடுத்தோம். முதல் நாளே அவன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரு ரெக்கார்டர். பழையதுதான், ஆனால் யாரோ துடைத்து, உள்ளே எல்லாம் மாற்றி, புதிதுபோல் ஆக்கி விற்றது.

"அம்மாவோடது ஆகாதுக்கா. இத வச்சு அந்த ஒரு கேசட்ட மட்டும் பாத்துடுவோம்."

எந்தக் கேசட் என்று நான் கேட்கவில்லை. அலமாரியில் நாற்பத்தொரு கேசட் இருந்தன. நாற்பதில் அம்மாவின் கையெழுத்தில் 'சண்டை 1', 'சண்டை 2' என்று வரிசையாக எழுதியிருந்தது. தொலைக்காட்சியில் வந்த மல்யுத்தம். வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட் இருந்தால் டைமர் வைத்துவிட்டுப் போவாள், சனிக்கிழமை காலையில் டீயோடு உட்கார்ந்து பார்ப்பாள். ஒருவரையொருவர் தூக்கி எறிவதைப் பார்த்துச் சிரிப்பாள். "எங்க சூப்பர்வைசர இப்படி ஒரு தடவை போட்டாப் போதும்."

நாற்பத்தொன்றாவது கேசட்டில் 'நான்' என்று மட்டும் எழுதியிருந்தது. மேலே வேறெதுவும் பதிவாகிவிடாதபடி அதன் முதுகிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்து வைத்திருந்தாள்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, வாரம் ஒருமுறை அதிகாரிகளை வரிசையாக உட்காரவைத்து, பொதுமக்களைக் கேள்வி கேட்கவிடும் நேரடி ஒளிபரப்பு ஒன்று வந்துகொண்டிருந்தது. அம்மா அதற்குப் போனாள். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளுக்குள் ஊசிகள் சுருண்டு வந்தன. அம்மாவின் பிரிவில் அந்த வருடம் மட்டும் ஒன்பது பேருக்குக் குத்தியிருந்தது. தடித்த கையுறை கேட்டு மூன்று மனு கொடுத்திருந்தாள். பதில் இல்லை. மைக் கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிகளுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் கேட்டாள். அவர், விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்றார். அம்மா, "பரிசீலனைய கையில மாட்டிக்க முடியுமா சார்?" என்று திருப்பிக் கேட்டாள். அரங்கம் சிரித்தது.

நான் அப்போது பொறியியல் கல்லூரியில் முதல் வருடம். ஹாஸ்டலில் தொலைக்காட்சி பார்த்தவர்கள் மறுநாள் என்னைப் பார்த்து, "உங்கம்மாவா? ஆஸ்பத்திரித் துணியா துவைக்கிறாங்க?" என்றார்கள். ஒரு வாரம் என் பெயரே 'பரிசீலனை'. வராந்தாவில் இருந்த போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"டிவியில போயி ஏம்மா மானத்த வாங்குற?"

"யாரு மானத்த?"

நான் போனின் கம்பியை விரலில் சுற்றினேன்.

"கேசட்டுல இருக்கு. பாத்துட்டு வந்து பேசு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நான் பார்க்கவில்லை. முதலில் வெட்கம். அப்புறம் வீம்பு. அதற்கும் அப்புறம், இவ்வளவு காலம் கழித்து எப்படிக் கேட்பது என்ற கூச்சம். ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்தக் கேசட் டிவியின் மேல் இருந்தது. அம்மா ஒரு தடவையும் "பாத்தியா?" என்று கேட்கவில்லை. நான் ஒரு தடவையும் கையில் எடுக்கவில்லை. ஏழு வாரத்தில் சலவைப் பிரிவுக்குத் தடித்த கையுறை வந்தது. கூடவே அம்மாவுக்கு, நோய்க்கிருமி உள்ள துணிகளைப் பிரிக்கும் அறைக்கு இடமாற்றமும் வந்தது. "நல்லதுதான். கையுறை அங்கதான் ரொம்ப வேணும்," என்று போனாள்.

போனில் படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குரல் பதிவு அனுப்பு என்றால், "நேர்ல பேச வக்கில்லயா?" என்பாள். ஆக, அம்மா நடமாடுவதும் பேசுவதும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. 'நான்' என்று எழுதிய அந்தக் கேசட்டில், நான்கு நிமிடம்.

தம்பி வாங்கிவந்த ரெக்கார்டரில் போட்டோம். படம் ஒரு நொடி வந்தது. கீழ்ப்பகுதி முழுக்கப் புள்ளிமழை. படம் உருண்டது. படம் மோசமானால் தானே மறைத்துவிடும் டிவி அது, உடனே திரை நீலமானது. ஒலியும் நின்றுவிட்டது. நான்கு தடவை முயன்றோம். நான்கு தடவையும் நீலம்.

தம்பி கேசட்டை எடுத்துக்கொண்டு, பழைய நாடாவைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் கடைக்கு ஓடினான். சாயங்காலம் திரும்பி வந்தான். "பதிவே இல்லங்கறாங்க. நாடா செத்துப்போச்சாம்." சோபாவில் உட்கார்ந்தான். "அக்கா, அதுல..." என்று ஆரம்பித்தான். வேறெதுவும் சொல்லாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். முப்பத்தொன்பது வயது ஆள். அவன் தோளைத் தொடக்கூட எனக்குத் தெரியவில்லை. என்னால் செய்ய முடிந்ததைச் செய்தேன். 'சண்டை 7' எடுத்துப் புது ரெக்கார்டரில் போட்டேன்.

நீலம். 'சண்டை 19'. நீலம். 'சண்டை 33'. நீலம். ஒவ்வொன்றிலும் நீலம் வருவதற்கு முன் அந்த ஒரு நொடியில் புள்ளிமழை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. மேசை இழுப்பறையில் கிடந்த, சொந்தக்காரர் ஒருவரின் பழைய கல்யாணக் கேசட்டைப் போட்டேன். வேறு யாரோ எடுத்துக் கொடுத்தது. அது பளிச்சென்று ஓடியது.

நாடா கெட்டுப்போனால் கண்ட இடத்தில் கெடும். ஒன்றில் மேலே, ஒன்றில் நடுவில், ஒன்று நன்றாகவே ஓடும். நாற்பது கேசட்டும் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் கெடாது. பதிவு செய்த இயந்திரம்தான் அப்படிப் பதிந்திருக்கிறது.

அப்போதுதான் நகப்பூச்சு ஞாபகம் வந்தது.

அந்த ரெக்கார்டர் அப்பா கொண்டுவந்தது. வேலைக்காக வெளிநாடு போய், முதல் தடவை திரும்பியபோது தோளில் சுமந்து வந்தார். இரண்டாவது தடவை போனவர் திரும்பவில்லை. அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. "அந்தாளு விட்டுட்டுப் போனதுல ஒழுங்கா ஓடுறது இது ஒண்ணுதான்," என்பாள் அம்மா. எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது அதுவும் ஓடவில்லை. நாடாவின் ஓரத்தை மடக்கி நாசம் செய்தது. கடையில் பார்த்தவர் மூடியைத் திறக்காமலே, "போச்சும்மா, புதுசு வாங்கிக்குங்க," என்றார்.

"நான் போச்சுன்னு சொன்னாத்தான் போச்சு," என்றாள் அம்மா. தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் வைத்து மூடியைக் கழற்றினாள். நான் டார்ச் பிடித்தேன். சலவை இயந்திரங்களோடு பழகியவள். ஓசையை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வாள். வெறும் கேசட் ஒன்றைப் போட்டு, நாடா போகும் பாதையை விரலைக்கூட அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடாவை மேலும் கீழும் அலையவிடாமல் பிடிக்கும் சிறு உருளைகள் இரண்டு உண்டு. மெக்கானிக்குகள் 'கைடு' என்பார்கள். வலது கைடு நாடாவை இடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கண்ணளவில் திருப்பினாள். நாடா வழுக்கிக்கொண்டு போனது. உடனே பக்கத்துக் கடையிலிருந்து என்னைச் சிவப்பு நகப்பூச்சு வாங்கிவரச் சொன்னாள். வாழ்நாளில் நகத்துக்குப் பூச்சு வைக்காதவள், கைடின் மேலிருந்து அடித்தகடு வரை ஒரு கோடு இழுத்தாள். சலவைப் பிரிவில் போல்ட் முறுக்கினால் இப்படித்தான் வண்ணக்கோடு போடுவார்களாம். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அதன்பின் ரெக்கார்டர் ஓடியது. ஆனால் வாடகைக் கேசட் போட்டால் படத்தின் அடியில் புள்ளி பறந்தது. எங்கள் கேசட்டை இரவல் வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரர், "உங்க கேசட்டு எங்க மெஷின்ல ஓடலயே," என்று திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம மெஷினுக்கு நம்ம கேசட்டு," என்றாள் அம்மா. "ஊர்க் கேசட்டு ஊர் மெஷின்ல ஓடட்டும்."

"வாடகைப் படத்துல கீழ பாதி தெரியலயேம்மா," என்று அழுதான் தம்பி.

"கீழ என்ன, காலுதானே? மூஞ்சி தெரியுதுல்ல, பாரு."

இதை எல்லாம் தம்பியிடம் சொன்னேன். அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"அப்ப, அந்த ஓட்ட மெஷின்லதான் ஓடுமா?"

"அந்த மெஷின்ல மட்டுந்தான் ஓடும். அதுவும் தப்பா இருந்தாத்தான் ஓடும். சரி பண்ணிட்டா அதுவும் ஓடாது."

"நீயா பேசுற?" என்றான் தம்பி.

பெல்ட்டும், நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டும் என்னிடம் இல்லை. பழைய பாகங்கள் வைத்திருப்பவர் ஊரில் ஒருவர்தான். மாடிப்படிக்கு அடியில் கடை. முதுகுப்பலகை இல்லாத டிவிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். நாடாவைப் படிக்கும் வீடியோ ஹெட்டை மாற்றுவதில் கெட்டிக்காரர் என்பதால் எல்லோரும் அவரை ஹெட்மாஸ்டர் என்பார்கள். அவருக்கும் அது பிடித்துப்போய், பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'பெல்ட், ரோலர் மட்டும். வேறெதையும் தொட வேண்டாம்.'

"எனக்கே பரீட்சைத் தாளா?" என்றார். "நாளன்னிக்கு வாங்க."

போனேன். முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி. எவனோ ஒரு மடையன் கைடத் திருப்பி வச்சிருக்கான். அழகா செட் பண்ணிட்டேன். அதுக்குத் தனியா ஒண்ணும் வேணாம், நம்ம அன்பளிப்பு. இனிமே எந்தக் கேசட்டும் கண்ணாடி மாதிரி ஓடும்."

குனிந்து பார்த்தேன். வலது கைடு சுத்தமாகப் பளபளத்தது.

"இங்க செவப்பா ஒண்ணு இருந்துச்சே?"

"ஆமா, ஏதோ பசை. அசிங்கமா இருந்துச்சு. சுரண்டிட்டேன்."

"எத்தன சுத்து திருப்பினீங்க?"

"சுத்து எண்ணியா திருப்புவாங்க? படத்தப் பாத்துத் திருப்புறதுதான்."

நான் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் செய்தது, நான் பத்தொன்பது வருடமாகச் செய்வதுதான். தவறாக இருக்கும் ஒன்றைக் கண்டால் எனக்கும் கை சும்மா இருக்காது. பெஞ்சின் மேல் ஒரு கேசட் மெல்லிய துணியில் சுற்றி இருந்தது. படம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக் கேசட். எங்கள் கூடத்தில் மூல எடைக்கற்களை வெறும் கையால் தொடமாட்டோம். அவர் அந்தக் கேசட்டை அப்படித்தான் வைத்திருந்தார்.

"பழையபடி தப்பா வைக்கணும்," என்றேன்.

"என்னது?"

சொன்னேன். கேசட்டைப் பற்றி, நான்கு நிமிடத்தைப் பற்றி, அம்மா இறந்ததைப் பற்றி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "மனசு கஷ்டமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா என் கடையில இருந்து தப்பான மெஷின் வெளிய போனதில்ல. நாளைக்கு இன்னொருத்தன் தெறந்து பாத்துட்டு, எவன்டா இத செட் பண்ணான்னு கேப்பான். யார் பேர் கெடும்?"

"எங்கம்மா பேரச் சொல்லுங்க."

"அவங்க மெக்கானிக்கா?"

"ஆஸ்பத்திரியில சலவைப் பிரிவு."

"நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர்ல உள்ள மீட்டருக்கெல்லாம் சரின்னு முத்திர குத்துறவங்க. நீங்களே வந்து, தப்பா வையின்னு நிக்கிறீங்க. வெளிய சொல்லிடாதீங்கம்மா."

"சொல்லுங்க, எனக்கென்ன. இந்தக் கேசட்டு எந்த அளவுல பதிஞ்சிருக்கோ அதுதான் இதுக்குச் சரி. உங்க அளவுக் கேசட்டுல எங்கம்மா இல்ல."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் முனையைச் சட்டையில் துடைத்தார். கொடுக்கிறாரா, பத்திரப்படுத்துகிறாரா என்று தெரியவில்லை.

"நீங்க தொட வேண்டாம். நான் திருப்புறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க," என்றேன்.

"என் கடையில, என் டிரைவர்ல?"

"ஆமா."

கொடுத்துவிட்டார். ஆனால் திரும்பிக்கொள்ளவில்லை.

அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். சுரண்டியது முழுதும் போயிருக்கவில்லை. கைடின் விளிம்பில் எள்ளளவு சிவப்பு. அடித்தகட்டில் அதைவிடச் சிறியதாக இன்னொன்று. இந்த இரண்டும் நேருக்கு நேர் வந்தால் கோணம் கிடைக்கும். ஆனால் எத்தனையாவது சுற்றில் என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். 'நான்' கேசட்டை வைத்துச் சோதிக்க எனக்குத் தைரியமில்லை. தவறான உயரத்தில் ஓடினால் நாடாவின் ஓரம் மடங்கும். பையிலிருந்து 'சண்டை 12' எடுத்தேன்.

"இது என்ன?"

"மல்யுத்தம்."

"அம்மாவோடதா?"

"ஆமா."

"நல்ல அம்மாதான்," என்றார்.

அவருடைய சோதனை டிவி, படம் மோசமானாலும் நீலத்துக்குத் தாவாத பழைய ரகம். இடுப்புவரை இரண்டு மல்லர்கள் தெரிந்தார்கள். அதற்குக் கீழே புள்ளிமழை. கால் சுற்று திருப்பினேன். நிறுத்தினேன். மழை ஒரு விரல் இறங்கியது. இன்னொரு கால் சுற்று. இரண்டு சிவப்புப் புள்ளிகளும் சந்தித்தன. தொடை தெரிந்தது, முழங்கால் தெரியவில்லை. இது இல்லை. இன்னும் ஒரு முழுச் சுற்று போக வேண்டும். போதாவிட்டால் அதற்கும் மேல்.

"மெதுவா," என்றார் ஹெட்மாஸ்டர். அதற்குள் அவரும் பெஞ்சின்மேல் சாய்ந்திருந்தார். "முட்டி வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம். அவ்ளோ வேணாம், அவ்ளோ வேணாம். விடுங்க."

முழங்கால் வந்தது. பிறகு கணுக்கால். பிறகு மேடையின் தரையும், கயிறும், ஒருவன் இன்னொருவனைத் தூக்கி எறிந்தபோது பறந்த இரண்டு பூட்ஸும். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிவப்புக்கு எதிரே சிவப்பு. மொத்தம் ஒன்றரைச் சுற்று.

"அட," என்றார் அவர். கொஞ்ச நேரம் சண்டையைப் பார்த்தார். "சும்மா சொல்லக்கூடாது. கண்ணால செட் பண்ணதா இது? மடையன்னு சொன்னது தப்புதான்."

ஆனாலும் அவர் அவர்தான். வேலைச்சீட்டு எடுத்து, 'மீதமுள்ள குறை' என்ற கட்டத்தில் 'உரிமையாளர் பிடிவாதத்தால் கைடு தவறான அளவில் விடப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். நான் அதை அடித்து 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் போட்ட கையெழுத்துகளில் இவ்வளவு அழுத்தி எதையும் போட்டதில்லை. அவர் அதைப் படித்தார். "வாயாடிக் குடும்பம்," என்று சொல்லிச் சீட்டை ஆணியில் குத்தினார்.

வழியில் நகப்பூச்சு வாங்கினேன். கடைக்காரப் பெண், "உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும்," என்றாள். மெஷினுக்கு என்று சொல்லவில்லை.

வீட்டில் அதே சாப்பாட்டு மேசை. மேலிருந்து அடித்தகடு வரை ஒரு கோடு இழுத்தேன். தம்பி டார்ச் பிடித்தான். காய்ந்ததும் டிவியோடு இணைத்தோம். படத்தையும் ஒலியையும் பதிந்துகொள்ளக் கணினியையும் பொருத்தினேன். 'நான்' உள்ளே போனது. புது பெல்ட் சத்தமில்லாமல் இழுத்தது.

முதலில் ஒரு சோப்பு விளம்பரம். பிறகு அரங்கம். பிறகு அம்மா.

நாற்பத்தைந்து வயது. என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள். நன்றாகத் தேய்த்த புடவை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஊசி, ஒன்பது பேர், மூன்று மனு என்று வரிசையாகச் சொன்னாள். அதிகாரி, பரிசீலனையில் இருக்கிறது என்றார். "பரிசீலனைய கையில மாட்டிக்க முடியுமா சார்?" சிரிப்பு. எனக்குத் தெரிந்த பகுதி அதோடு முடிந்தது. ஹாஸ்டலில் அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதிகாரி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். "ஏற்கெனவே எல்லாருக்கும் கையுறை கொடுத்திருக்கோம்மா. இல்லன்னு சொல்ல முடியுமா?"

"இல்லன்னு யாரு சொன்னா? இந்தா இருக்கு." அம்மா இடுப்பிலிருந்து ஒரு கையுறையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். வெளிச்சம் அதற்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. "இதோட கனம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. பாயிண்ட் ஒண்ணு ஒண்ணு. ஒரு இஞ்சினீயர் அளந்து எழுதிக் குடுத்திருக்காங்க. கார்டு இருக்கு."

கேமரா நெருங்கியது. திரை முழுக்க ஒரு தபால் அட்டை. என் கையெழுத்து. '0.11 மி.மீ. எதற்கு?'

மறந்தே போயிருந்தேன். கல்லூரி சேர்ந்த இரண்டாம் மாதம் அம்மா ஒரு உறையில் கையுறை ஒன்றை வைத்து, அளந்து சொல் என்று அனுப்பியிருந்தாள். அந்த வாரம்தான் மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் அளந்து கொடுத்த முதல் அளவு அது. எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் இந்தக் கேசட்டில் இருந்தது.

"யாரும்மா அந்த இஞ்சினீயர்?" என்றார் அதிகாரி.

"என் பொண்ணு."

"வேல பாக்குறாங்களா?"

"படிக்கிறா. மொத வருஷம்."

அரங்கத்தில் மறுபடி சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். "படிக்கிற பொண்ணு சொல்றத வச்சு..."

"அவ அளந்தா சார்," என்றாள் அம்மா. "நீங்க அளந்தீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா மைக்கைக் கொடுக்கவும் இல்லை. அவர் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்திலிருந்தவர் மைக்கை வாங்கக் கை நீட்டியபோது, அவரைப் பார்க்காமலே அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

கணினியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கேள்விக்காரர் சாலைப் பள்ளம் பற்றிப் பேச ஆரம்பித்தார். தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அன்னிக்கு நான் இந்த டிவியிலதான் பாத்தேன். பதிமூணு வயசு. உங்க சண்டைக்கு அப்புறம், உன்கிட்ட சொல்றேன்னு போன எடுத்தேன். அம்மா வந்து வேணாம்னுட்டாங்க. 'அவளே பாக்கட்டும். நான் போயி கெஞ்ச மாட்டேன்'னாங்க."

"இருபத்தாறு வருஷம்," என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சு. நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிச்சேன்."

நாடாவைப் பின்னோக்கி ஓட்டி இன்னொரு தடவை பார்த்தோம். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அம்மா கையைத் தள்ளிவிடும் இடத்தில் தம்பி சிரித்தான். நான் அழுதேன். கணினியில் மூன்று பிரதி எடுத்து, அவனுக்கு ஒன்று, எனக்கு இரண்டு என்று வைத்தேன். ஓடுகிறதா என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன்.

மறுநாள் காலையில் சாமான் ஏற்ற வண்டி வந்தது. தம்பி கையில் அட்டைப் பெட்டியோடு நின்றான். "பிரதிதான் எடுத்தாச்சேக்கா. இந்தப் பழசு உனக்கு எதுக்கு? புதுச வேணா எடுத்துட்டுப் போ. இது போச்சு."

"நான் போச்சுன்னு சொன்னாத்தான் போச்சு."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "மிச்சம் இருக்கிறது நாப்பது கேசட்டு. எல்லாம் சண்டைக்கா."

"தெரியும்," என்றேன். "ஒண்ணாம் நம்பர எடு. வண்டிக்காரர் டீ குடிச்சிட்டு வரட்டும்."